இதயத்தில் பம்ப் வைத்த பிறகு சர்க்கரை தாழ்கிறது: இன்சுலினை நிறுத்திவிடலாமா?

திருச்சிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். யார் என்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

அவருடைய கணவருக்கு வயது 56. பதினான்கு வருடமாகச் சர்க்கரை நோய். ஆறு வருடத்துக்கு முன் மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். அதற்குப் பிறகு இதயம் வீங்கிப் பலவீனமாகிக்கொண்டே போய், போன வருடம் நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கும் நிலை. ஏழு மாதத்துக்கு முன் சென்னையில் இதயத்தின் இடது கீழறைக்கு உதவும் பம்ப், ஹார்ட்மேட் 3, பொருத்தினார்கள். மாற்று இதயத்துக்கும் பதிவு செய்திருக்கிறார்கள்.

ஆபரேஷனுக்கு முன் ஒரு நாளைக்கு 64 யூனிட் இன்சுலின் போட்டும் சர்க்கரை அடங்கவில்லை. டிஸ்சார்ஜ் ஆகும்போது கலப்பு இன்சுலின் காலையில் 26, இரவில் 18 என்று எழுதிக்கொடுத்தார்கள். இன்று வரை அதே அளவுதான் போகிறது. கடந்த இரண்டு மாதமாக விடியற்காலை மூன்று மணி வாக்கில் சட்டை நனைகிற அளவுக்கு வியர்க்கிறது. சோதித்தால் 58, 61 என்று காட்டுகிறது. ஒரு நாள் எழுந்து உட்கார்ந்து, "பேட்டரி எங்கே, பஸ் வந்துடுச்சு" என்று உளறியிருக்கிறார். சர்க்கரைத் தண்ணீர் கொடுத்ததும் பத்து நிமிடத்தில் தெளிந்துவிட்டார். போன மாதம் மலம் கறுப்பாகப் போய், ஆஸ்பத்திரியில் சேர்த்து இரண்டு யூனிட் ரத்தம் ஏற்றினார்கள். அதற்கு இரண்டு வாரம் கழித்து எடுத்த மூன்று மாத சர்க்கரை சோதனை, அதாவது எச்பிஏ1சி, 5.4. உள்ளூர் டாக்டர் "அருமையான கட்டுப்பாடு" என்று பாராட்டியிருக்கிறார். எடை 58 கிலோவிலிருந்து 69 ஆகியிருக்கிறது. உயரம் 165 சென்டிமீட்டர்.

அவர் கேட்பவை: பம்ப் ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையை இழுத்துக்கொள்கிறதா? "சர்க்கரையே போயிடுச்சு, ஊசியை நிறுத்துங்க" என்று கொழுந்தனார் சொல்கிறார், கூடவே ஒரு மூலிகைப் பொடியும் கொண்டுவந்திருக்கிறார், கேட்கலாமா? முன்பு இதயத்துக்கும் சர்க்கரைக்கும் சேர்த்துக் கொடுத்த டாபாகிளிப்ளோசின் மாத்திரை இரண்டு அட்டை மீதி இருக்கிறது, அதைத் திரும்ப ஆரம்பிக்கலாமா? எடை கூடியது நல்லதுதானே?

அன்புள்ள சகோதரிக்கு,

மூன்று மணிக்கு விழித்துக்கொண்டு, வியர்வையைப் பார்த்தவுடன் மெஷினை எடுத்துச் சோதித்திருக்கிறீர்கள். உங்கள் கணவர் இன்று நன்றாக இருப்பதற்கு அது ஒரு முக்கியக் காரணம். மற்ற கேள்விகளுக்குப் போவதற்கு முன், ஒத்திப்போட முடியாத விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன்.

இன்றைக்கே செய்ய வேண்டியது

இந்தக் கடிதம் என் கைக்கு வந்த அன்றே உங்களுக்குத் தகவல் அனுப்பச் சொன்னேன். இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்காகவும் இங்கே எழுதுகிறேன். பம்ப் வைத்த மருத்துவமனையின் ஒருங்கிணைப்பாளரை இன்றே அழைத்து, "இரவில் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்குகிறது, ஒருமுறை உளறினார்" என்று இதே வார்த்தைகளில் சொல்லுங்கள். அடுத்த இரவு ஊசிக்கு முன்பே அளவைக் குறைத்துச் சொல்லச் சொல்லுங்கள். பொதுவாக முதல் படியாக 10 முதல் 20 சதவீதம் குறைப்பது வழக்கம். உளறல் வரை போனவருக்கு அதைவிட அதிகமாகவும் குறைக்க நேரும். எவ்வளவு என்பதை அவரைப் பார்க்கும் மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

ஏன் மூன்று மணி என்றால், கலப்பு இன்சுலினில் மெதுவாக வேலை செய்யும் பகுதி ஒன்று உண்டு. இரவு எட்டு மணிக்குப் போட்டால் நடுராத்திரி தாண்டி விடியற்காலைக்குள் அதன் வேகம் உச்சத்துக்குப் போகும். இரவில் இரண்டு இட்லியோடு சாப்பாட்டை முடித்துக்கொள்கிறார் என்று வேறு எழுதியிருக்கிறீர்கள். 18 யூனிட்டுக்கு அந்த இரண்டு இட்லி ஈடாகாது.

இன்னொன்று. அவருக்கு இதயத்துக்காகத் தரும் பீட்டா பிளாக்கர் மாத்திரை, சர்க்கரை தாழும்போது வரும் படபடப்பையும் நடுக்கத்தையும் மறைத்துவிடும். வியர்வையை மறைக்காது. பம்ப் இடைவிடாமல் ரத்தத்தைத் தள்ளுவதால் கையில் நாடியும் பெரும்பாலும் தட்டுப்படாது, ஆகவே நாடியைப் பிடித்துப் பார்த்து எதையும் முடிவு செய்ய முடியாது. உங்களுக்குக் கிடைக்கும் முக்கிய எச்சரிக்கை மணி அந்த வியர்வைதான். ரத்தசோகை இருக்கும்போது விரலில் குத்திப் பார்க்கும் மெஷின் உண்மையைவிடச் சற்றுக் கூட்டிக் காட்டும். எனவே 58 என்று தெரிந்தபோது உள்ளே அதற்கும் கீழே இருந்திருக்கலாம்.

விழிப்போடு இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரை அல்லது குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். பதினைந்து நிமிடம் கழித்துத் திரும்பச் சோதியுங்கள். இன்னும் 70-க்குக் கீழே என்றால் மறுபடி கொடுங்கள். ஏறிய பிறகு ஏதாவது சாப்பிட வையுங்கள். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. 108-ஐ அழைத்து, "இதயத்தில் பம்ப் வைத்தவர், நாடி கிடைக்காது, பம்ப் ஓடுகிறது" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் வருகிறவர்கள் நாடி பார்த்துத் தவறாக முடிவு செய்யக்கூடும்.

உளறலைப் பற்றி மட்டும் கூடுதலாக ஒரு எச்சரிக்கை. அவர் ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறார், உடம்புக்குள் பம்ப் இருக்கிறது. இவர்களுக்கு மூளையில் ரத்தக்கசிவோ அடைப்போ வந்தாலும் அது உளறலாகத்தான் ஆரம்பிக்கலாம். உளறினால் உடனே சர்க்கரை பாருங்கள். சர்க்கரை சரியாக இருந்தாலும், இனிப்பு கொடுத்துத் தெளியாவிட்டாலும், வாய் கோணினாலும், ஒரு பக்கக் கை தளர்ந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அந்த நிமிடமே கிளம்புங்கள்.

பம்ப் சர்க்கரையை எடுத்துக்கொள்வதில்லை

சரி, இப்போது உங்கள் முதல் கேள்வி. பம்ப் மின்சாரத்தில் ஓடுகிறது, ரத்தத்திலிருந்து அது எதையும் எடுத்துக்கொள்வதில்லை. ஆனாலும் சர்க்கரை தாழ்வதற்கும் பம்புக்கும் சம்பந்தம் இருக்கிறது என்று நீங்கள் சந்தேகப்பட்டது சரிதான். கோளாறு பம்பில் இல்லை. பம்ப் தன் வேலையைச் செய்ததால் உடம்பு மாறிவிட்டது, மருந்துச் சீட்டு மட்டும் மாறவில்லை.

போன வருடம் அவர் உடம்பு எப்படி இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். இதயம் போதிய ரத்தத்தைத் தள்ளவில்லை. அப்படியான நேரத்தில் உடம்பு அதை ஓர் ஆபத்தாக எடுத்துக்கொண்டு அட்ரினலின், நார்அட்ரினலின், கார்டிசால் போன்ற ஹார்மோன்களை மாதக்கணக்கில் சுரந்துகொண்டே இருக்கும். இவை எல்லாமே இன்சுலினுக்கு எதிராக வேலை செய்பவை. கல்லீரலைத் தூண்டி சர்க்கரையை ரத்தத்தில் கொட்ட வைக்கும். கொழுப்பைக் கரைத்துக் கொழுப்பு அமிலங்களை ரத்தத்தில் விடும், அவை தசைக்குள் சர்க்கரை போவதைத் தடுக்கும். நீர் தேங்கிக் கல்லீரலும் குடலும் வீங்கியிருக்கும், உள்ளுக்குள் அழற்சியும் இருக்கும். 64 யூனிட் போட்டும் அடங்காததற்கு இதுதான் காரணம். சாப்பாட்டில் அவர் கட்டுப்பாடாக இல்லை என்று வீட்டில் சண்டை போட்டதாக எழுதியிருந்தீர்கள். அதில் அவர் தவறு மிகக் கொஞ்சம்.

பம்ப் வந்து நிமிடத்துக்கு நாலைந்து லிட்டர் ரத்தத்தை ஒழுங்காக அனுப்ப ஆரம்பித்ததும் அந்த ஹார்மோன்கள் மெல்ல அடங்குகின்றன. கல்லீரல் வீக்கம் வடிகிறது. தசைக்கு ரத்தம் போகிறது, அவரும் நடக்கிறார். இன்சுலின் மறுபடி வேலை செய்யத் தொடங்குகிறது. ஆபரேஷன் முடிந்த முதல் சில நாட்கள் மட்டும் நேர்மாறு: அறுவை சிகிச்சையின் அதிர்ச்சியிலும் அப்போது ஏற்றும் மருந்துகளிலும் சர்க்கரை எகிறும். டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதப்படும் அளவு அந்த நாட்களை ஒட்டிய அளவு. வாரங்கள், மாதங்கள் போகப் போகத் தேவை குறையும். 2011-இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழக மருத்துவர்கள் வெளியிட்ட ஒரு சிறிய ஆய்வில், பம்ப் வைத்த சர்க்கரை நோயாளிகளின் சராசரி எச்பிஏ1சி 7.7-லிருந்து 6.0-க்கு இறங்கியது, தினசரி இன்சுலின் தேவை ஏறக்குறைய பாதியானது. ஆட்கள் குறைவு என்றாலும், பம்ப் நோயாளிகளைப் பார்க்கும் மருத்துவர்கள் நேரில் காண்பதோடு இது ஒத்துப்போகிறது. உங்கள் கணவருக்கு நடப்பது அபூர்வம் இல்லை, எதிர்பார்க்க வேண்டியது. டிஸ்சார்ஜ் அன்றே இதை உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும் என்பது என் கருத்து.

இதயத் தசைக்குள்ளேயே என்ன நடக்கிறது என்பதும் ஓரளவு தெரியும். பம்பைப் பொருத்தும்போது இடது கீழறையின் நுனியில் வட்டமாக ஒரு துண்டு தசையை வெட்டி எடுப்பார்கள், அந்தத் துளையில்தான் பம்பின் வாய் உட்காரும். பின்னால் மாற்று இதயம் கிடைத்தால் பழைய இதயம் முழுவதும் கைக்கு வரும். ஒரே மனிதரின் தசையை முன்னும் பின்னும் வைத்துப் பார்க்கும் வாய்ப்பு இது. நல்ல இதயம் தன் சக்தியில் அறுபது, எழுபது சதவீதத்தைக் கொழுப்பை எரித்தே எடுக்கும். தளர்ந்த இதயத்தால் அது சரிவர முடியாமல், செராமைடு போன்ற நச்சுக் கொழுப்புகள் தசைக்குள் தேங்கும். பம்ப் சில மாதம் சுமையைத் தாங்கிய பிறகு அந்தத் தேக்கம் குறைந்திருப்பதை 2012-இல் அதே கொலம்பியா குழுவினர் காட்டினார்கள். ஆனால் முழுக் குணம் என்று சொல்ல முடியாது. 2016-இல் வந்த இன்னொரு ஆய்வில், பம்ப் வைத்த இதயம் சர்க்கரையை அதிகமாக உடைத்தாலும் அதைக் கடைசி வரை எரித்துச் சக்தியாக்குவது அதே அளவுக்குக் கூடவில்லை. பெரும்பாலோருக்குப் பம்பைக் கழற்றிவிட முடியாததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

5.4-ஐ நம்ப வேண்டாம்

இதுதான் உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் கவலைப்பட வைத்த எண். எச்பிஏ1சி என்பது சிவப்பணுக்களில் எவ்வளவு சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்ற கணக்கு. சிவப்பணு சுமார் 120 நாள் வாழும், அதனால்தான் மூன்று மாதச் சராசரி என்கிறோம். உங்கள் கணவருக்கு ரத்தம் கசிந்து பழைய அணுக்கள் போய்விட்டன. அந்த இடத்தை எலும்பு மஜ்ஜை உருவாக்கிய புது அணுக்களும், வேறு யாரோ கொடுத்த இரண்டு யூனிட் ரத்தமும் நிரப்பியிருக்கின்றன. அந்த 5.4-இல் ஒரு பங்கு ரத்தம் கொடுத்த முகம் தெரியாத மனிதருடையது. அதைப் பார்த்துப் பாராட்டவும் முடியாது, பயப்படவும் முடியாது.

ரத்தம் ஏற்றியபின் குறைந்தது மூன்று மாதம் இந்தச் சோதனையை வைத்து எதுவும் முடிவு செய்யாதீர்கள். அதுவரை இரண்டு வழிகள் உண்டு. பிரக்டோசமைன் என்ற ரத்தச் சோதனை இரண்டு, மூன்று வாரச் சராசரியைச் சொல்லும், சிவப்பணுவை நம்பியிருக்காது. இல்லையென்றால் மேற்கையில் ஒட்டும் சென்சார். இரண்டு வாரம் ஒட்டியிருந்தால் நீங்கள் தூங்கும் நேரத்தில் எப்போது, எவ்வளவு இறங்குகிறது என்பது படமாகக் கிடைக்கும். செலவு இருக்கிறது, ஆனாலும் உங்கள் நிலையில் ஒருமுறை போட்டுப் பார்ப்பதைத்தான் நான் பரிந்துரைப்பேன். முடியாவிட்டால் ஒரு வாரத்துக்கு ஐந்து நேரம் விரலில் குத்தி நோட்டில் எழுதுங்கள்: மூன்று வேளைச் சாப்பாட்டுக்கு முன், படுக்கும்போது, விடியற்காலை மூன்று மணி.

ரத்தம் ஏன் கசிந்தது என்ற கேள்வியும் இருக்கிறது. வேகமாகச் சுழலும் பம்பின் வழியாகப் போகும்போது ரத்தம் உறைய உதவும் ஒரு புரதம் சிதைகிறது, குடலில் எளிதில் கசியும் மெல்லிய ரத்தக் குழாய்களும் உருவாகின்றன. இதோடு வார்ஃபரினும் சேர்கிறது. ஹார்ட்மேட் 3 வைத்தவர்களுக்கு ஆஸ்பிரினைத் தவிர்த்தால் ரத்தக்கசிவு குறைகிறது, கட்டி உறையும் ஆபத்து கூடவில்லை என்று 2023-இல் ஒரு பெரிய ஆய்வு காட்டியது. அவருக்கு ஸ்டென்டும் இருப்பதால் நீங்களாக நிறுத்தக் கூடாது. "ஆஸ்பிரின் இன்னும் தேவையா?" என்று குழுவிடம் கேளுங்கள்.

ஊசியை நிறுத்துவது, பழைய மாத்திரை, பொடி

கொழுந்தனார் அக்கறையோடு சொல்கிறார், ஆனால் சர்க்கரை நோய் போய்விடவில்லை. இதய நோய் அதன் மேல் ஏற்றிவைத்த கூடுதல் சுமைதான் இறங்கியிருக்கிறது. பதினான்கு வருடம் ஆனவருக்குக் கணையத்தில் எவ்வளவு சக்தி மிச்சம் என்பதை சி-பெப்டைட் சோதனையால் ஓரளவு அறியலாம். அளவைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே போய், சிலர் ஊசியே இல்லாமல் மாத்திரையோடு நிற்பதும் உண்டு. ஒரே நாளில் நிறுத்துவது வேறு. சர்க்கரை ஏறினால் வயிற்றிலிருந்து பம்பின் மின் கேபிள் வெளியே வரும் இடத்தில் சீழ் பிடிக்கும் ஆபத்து ஏறும். அந்தக் கிருமி பம்புக்குள் போய்விட்டால் சிகிச்சை மிகக் கடினம். தவிர, மாற்று இதயம் கிடைத்தபின், உடம்பு அதை நிராகரிக்காமல் இருக்கத் தரும் ஸ்டீராய்டும் டாக்ரோலிமஸும் சர்க்கரையை மறுபடி ஏற்றும். சர்க்கரையே இல்லை என்று நினைத்துக்கொண்டிருக்கும் குடும்பம் அன்றைக்குத் தடுமாறிப் போகும்.

டாபாகிளிப்ளோசின் நல்ல மருந்து, பெரிய ஆபரேஷனுக்கு மூன்று நாள் முன்பு நிறுத்துவது வழக்கம் என்பதால்தான் நிறுத்தியிருப்பார்கள். பம்ப் வைத்தவர்களுக்கும் சில மையங்கள் திரும்பத் தருகின்றன. ஆனால் அது சிறுநீரில் நீரை வெளியேற்றும். உடம்பில் நீர் குறைந்தால் இடது கீழறை சுருங்கி, பம்ப் அதன் சுவரையே உறிஞ்சப் பார்க்கும், பம்பை இயக்கும் வெளிப்பெட்டியான கன்ட்ரோலரில் அலாரம் அடிக்கும். பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்றும் வரலாம். சர்க்கரை அதிகம் ஏறாமலே ரத்தம் அமிலமாகும் கீட்டோஅசிடோசிஸும் வரலாம். கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள், மீதி இருக்கிறது என்பதற்காக வேண்டாம். அதேபோல் பழைய சீட்டை மருந்துக் கடையில் நீட்டி மூன்று மருந்து சேர்ந்த சர்க்கரை மாத்திரை வாங்காதீர்கள். பலவற்றில் பியோகிளிட்டசோன் இருக்கிறது, அது உடம்பில் நீர் கோக்க வைக்கும், இதயச் செயலிழப்பு உள்ளவருக்கு ஆகாது. கிளிமிபிரைடு இருந்தால் தாழ்சர்க்கரை இன்னும் மோசமாகும்.

பொடி வேண்டாம். அதில் என்ன இருக்கிறது என்று தெரியாது, வார்ஃபரினோடு எப்படிச் சேரும் என்றும் தெரியாது. ரத்தம் உறைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்பதைக் காட்டும் ஐஎன்ஆர் எண் 2-க்குக் கீழே போனால் பம்பில் கட்டி உறையலாம், 3-க்கு மேலே போனால் மறுபடி ரத்தம் கசியலாம். "டாக்டர் ஒரேயடியாக மறுத்துவிட்டார்" என்று என் பேரைச் சொல்லிவிடுங்கள், உறவு கெடாது.

அந்தப் பதினொரு கிலோ

இதில் ஒரு பகுதி நல்ல செய்தி. இதயம் தளர்ந்தபோது அவர் தசை கரைந்து போயிருந்தார். 58 கிலோ என்பதிலும் கொஞ்சம் தேங்கிய நீர் சேர்ந்திருக்கும். இப்போது பசி வந்திருக்கிறது, சாப்பிடுகிறார். ஆனால் பம்புக்குப் பின் கூடும் எடையில் பெரும்பகுதி கொழுப்பாகவே சேர்கிறது, தசை அதே வேகத்தில் திரும்புவதில்லை. அவருடைய பிஎம்ஐ இப்போது 25-ஐத் தாண்டிவிட்டது, நம் மக்களுக்கு அதுவே பருமன் கணக்கு. மாற்று இதயத்துக்கு இது தடை இல்லை, பொதுவாக 35-ஐத் தாண்டினால்தான் யோசிப்பார்கள். ஆனாலும் தொப்பை மடியும்போது கேபிள் வாய் இழுபட்டுப் புண்ணாகும். இன்சுலின் மறுபடி வேலை செய்யாமலும் போகும், இப்போது கிடைத்த நல்ல மாற்றம் கைநழுவிவிடும்.

தினமும் காலையில் சிறுநீர் கழித்த பிறகு, பேட்டரி, கன்ட்ரோலர் எடையை ஒரே மாதிரி கழித்து, எடை பாருங்கள். மெல்ல மாதக்கணக்கில் கூடினால் சாப்பாடு. இரண்டே நாளில் ஒன்றரைக் கிலோ, ஒரு வாரத்தில் இரண்டு கிலோ என்று ஏறி, கால் வீங்கி, வயிறு உப்பினால் அது நீர். பம்ப் இடது பக்கத்துக்கு மட்டும்தான் உதவுகிறது, வலது பக்கம் தளர்வதன் அடையாளமாக அது இருக்கலாம். உடனே தெரிவியுங்கள்.

கீரையை அடியோடு நிறுத்திவிட்டு மூன்று வேளையும் கஞ்சி, இட்லி, சாதம் என்று போவதாக எழுதியிருக்கிறீர்கள். வார்ஃபரின் சாப்பிடுபவர் கீரையே தொடக் கூடாது என்பது பரவலாக இருக்கும் தவறான எண்ணம். வாரத்தில் இரண்டு நாள், ஒரு சிறு கிண்ணம் என்று மாறாத அளவில் கொடுக்கலாம். திடீரென்று கூட்டுவதும் திடீரென்று நிறுத்துவதும்தான் ஐஎன்ஆரைக் குலைக்கும். ஆரம்பிக்கும்போது மட்டும் சொல்லிவிட்டு, ஒரு வாரத்தில் ஐஎன்ஆர் பாருங்கள். அரிசியைக் குறைத்து முட்டை, மீன், பருப்பு, சுண்டல் கூட்டுங்கள். அளவை உணவு ஆலோசகரோடு பேசிக்கொள்ளுங்கள், சிறுநீரகத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். தசை தேறும்போது, சிறுநீரகத்தின் நிலையை அறியப் பார்க்கும் கிரியேட்டினின் அளவு ரத்தத்தில் சற்று ஏறலாம், அதைச் சிறுநீரகம் கெட்டுவிட்டது என்று உடனே எடுத்துக்கொள்ள வேண்டாம். தேய்ந்த உடம்பில் அது பொய்யாகக் குறைந்து தெரிந்திருக்கும்.

உள்ளூர் டாக்டர் மேல் கோபப்பட வேண்டாம். அவர் கையில் ஆபரேஷன் விவரமோ ரத்தம் ஏற்றிய விவரமோ இல்லை என்று உங்கள் கடிதத்திலிருந்தே தெரிகிறது. நோயாளியோ அவரிடம் அதிகாரம் பெற்றவரோ எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவுகளைத் தர வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் கவுன்சில் விதிமுறைகள் சொல்கின்றன. இரண்டு ஆஸ்பத்திரியிலும் கேட்டு வாங்குங்கள். ஒரு பிரதி உள்ளூர் டாக்டருக்கு, ஒரு பிரதி கன்ட்ரோலர் பையில். ரத்தம் ஏற்றிய தேதியைச் சர்க்கரை நோட்டின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதி வையுங்கள். அடுத்த எச்பிஏ1சி எப்போது எடுப்பது என்பதை அந்தத் தேதியிலிருந்துதான் எண்ண வேண்டும்.